அதே கழுத்தில் மறுபடியும் கட்டி

உத்திரமேரூர் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள் நான். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் வந்த புற்றுநோய், ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சில் குணமானது. அதே இடத்தில் மறுபடியும் கட்டி தட்டுப்பட்டது.

"ஒருதபா கரண்ட் வெச்ச எடத்துல மறுபடி வெக்க மாட்டாங்கோ" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதை நம்பி, முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். சோறு இறங்காமல் போனபிறகுதான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "எல்லாருக்கும் ரெண்டாவது தடவை வைக்க முடியாதும்மா. உங்களுக்கு வைக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கஷ்டம்" என்றார்.

சிகிச்சை முடிந்து, கட்டி சுருங்கியிருக்கிறது. இப்போது சிறு வலி என்றாலும் டாக்டரிடமே போய்க் கேட்கிறேன். வீடு திரும்பியதும் அவர் சொன்னதை வாய்விட்டுச் சொல்கிறேன், கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.