பத்து விரலும் கறுப்பு

என் இடது கை ஆள்காட்டி விரலில் மை இன்னும் இருக்கிறது. போன வாரத் தேர்தலில் வைத்தது. சோப்புப் போட்டும் போகவில்லை, பாத்திரம் துலக்கியும் போகவில்லை. வழக்கமாக இதைப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாக இருக்கும். இந்த முறை கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.

ஏன் என்கிறீர்களா? சகாயமேரிதான் காரணம்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் டைப் அடிக்கிறவள் — இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சகாயமேரி அதே கம்பெனியில் தோலுக்குச் சாயம் தடவுகிறவள். துணியைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்து, தோல்மேல் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். கையுறை கேட்டால் மேஸ்திரி, "கையில பதம் தெரிய வாணாமா?" என்பார். நகக்கண்ணில் இறங்கிய சாயம் ஞாயிற்றுக்கிழமை லீவிலும் போகாது. மாதா கோயில் பூசையில்கூட அவள் கையை மறைத்துக்கொண்டுதான் நிற்பாள்.

வயது முப்பதுக்கு மேல். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. பட்டியலில் பெயர் இல்லையா? இருக்கிறது. ஓட்டு விழவில்லையா? ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் விழுந்திருக்கிறது!

அவள் தெருவில் அப்படித்தான் வழக்கம். பெண்களின் ஓட்டையெல்லாம் தெருவின் பெரிய மனிதர் ஒருவர் 'பார்த்துக்கொள்வார்'. வேறு எங்கிருந்தோ பெண்கள் கூட்டமாக வந்து ஆளுக்கொரு பெயரில் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வீட்டுக்காரர் அந்தோணி வந்து, "உன் ஓட்டு வுழுந்துடுச்சு, நீ சோத்த ஆக்கு" என்பார். அவ்வளவுதான் ஜனநாயகம்.

இந்த முறை சகாயமேரி பிடிவாதமாக இருந்தாள்.

"யார் ஜெயிச்சா எனக்கு இன்னாக்கா? ஒரு தபா அந்த ரப்பர் ஸ்டாம்ப நானே புடிச்சுக் குத்தணும். எவளோ வந்து குத்துறதுக்கு முன்னாடி போய்டணும். தொணைக்கு வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். எனக்கும் அதே பூத்துதான்.

தேர்தலுக்கு முந்தின நாள் ஷிப்மென்ட் அவசரம். இருட்டும்வரை சாயத்தில்தான் கை. வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழம், புளி, மண்ணெண்ணெய் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்திருக்கிறாள். முதல்முதலாக ஓட்டுப் போடப் போகிறாளே... நாலு பேர் முன்னால் கையை நீட்ட வேண்டுமே! காலையில் பார்த்தால் விரலெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. நகத்தைச் சுற்றியிருந்த கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"மண்ணெண்ண வாசன ஜாஸ்தியா வருதாக்கா?"

வரவில்லை என்று பொய் சொன்னேன்.

பெண்கள் வரிசையில் நாங்கள்தான் முதல். அவளை முன்னால் விட்டேன். அதிகாரி வெளியூர்க்காரர். பெயர் சரியாக இருந்தது. "இடது கையக் காட்டும்மா" என்றார். காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"மை இருக்கே! மண்ணெண்ணெய் போட்டு அழிக்க வேற பாத்திருக்கே..."

"ஐயோ, அது சாயம் சார். கம்பெனில தோலுக்குப் போடுற சாயம்."

பக்கத்துப் பெஞ்சில் இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பார்த்தால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்கிறவர்கள். ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாயக்கை தெரியாதா? ஒருவர் கூரையைப் பார்த்தார். தெருப் பெரிய மனிதரின் ஆளான மற்றவர், "பக்கத்து பூத்துல போட்டுட்டு வந்திருக்கும் சார்" என்றார்.

சகாயமேரி இரண்டு கையையும் விரித்து மேஜைமேல் வைத்தாள். "பத்து வெரலும் கருப்பாத்தான் இருக்குது, பாருங்க சார். பத்து ஓட்டா போட்டேன்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். 'கள்ள ஓட்டு' என்று ஒரு குரல் வந்தது. இத்தனை வருஷமாக எவளெவளோ வந்து அவள் பெயரில் போட்டபோது கேட்காத குரல்! அவளே நேரில் வந்த அன்றைக்குக் கேட்கிறது.

நானும் எடுத்துச் சொன்னேன். சத்தம்கூடப் போட்டேன். அதிகாரி அலுத்துக்கொண்டார்.

"மத்த விரல்ல இருக்கறது சாயம்னே வச்சுக்குவோம். இந்த விரல்ல இருக்கறது சாயமா மையான்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கறது? நீங்க உங்க ஓட்டப் போட்டுட்டுப் போங்க."

போட்டேன். வெளியே வந்து பார்த்தால் அவள் இல்லை.

அன்று சாயங்காலம் அந்தோணி வீட்டுக்கு வந்து என்ன சொன்னார், தெரியுமா? "எதுக்கு இந்தப் பேஜாரு? உன் ஓட்டுதான் வுழுந்துடுச்சே!"

காலையில் அத்தனை சந்தேகப்பட்ட பூத்தில் மத்தியானம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்தவளின் விரல் சுத்தமாக இருந்திருக்கும்.

பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று மேடையில் பேசுகிறோம். வந்தது... அவள் வீட்டுக்குள் வரவில்லை. அடுத்த தேர்தலுக்குச் சாயம் போய்விடுமா? வேலையை விட்டால் போகும். வேலையை விட்டால் சோற்றுக்கு எங்கே போவாள்? பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தாள். "எதுக்குக்கா ஒளிச்சு வெக்கிறீங்க? காட்டுங்க" என்று என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த ஸ்டாம்பு கனமா இருந்துச்சாக்கா?"

"இல்ல மேரி. லேசாத்தான் இருந்துச்சு."

"அப்போ என்னோடதக் குத்துனவளுக்குக் கை வலிச்சிருக்காது" என்றாள்.