நான் வாசிக்காமல் விட்ட வரி

தொண்ணூறுகளின் கடைசியில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அக்கா கொழுந்து பறித்தாள். மலை ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தில் வால்வு பழுது, மாற்ற வேண்டும் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொல்லி வார்டில் சேர்த்தார்கள்.

அந்த வார்டை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. ஒரு வேலையும் இல்லாமல் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்தது வாழ்க்கையிலேயே அங்கேதான். கடைத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இந்தத் தூளுக்கா நாம் அட்டைக்கடி படுகிறோம் என்று முகத்தைச் சுளிப்பாள். சிரித்துச் சிரித்து தாதி மிஸ்ஸியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உலோக வால்வு என்றால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. தோட்டத்திலிருந்து அதற்கெல்லாம் ஓடிவர முடியாது. பன்றியின் வால்வு இவளுக்குத் தோது, ஆனால் பல வருடம் போனால் தேயலாம் என்றார். பன்றியின் நோய் தொற்றாதா என்று கேட்டேன். மருந்தில் பதப்படுத்தியது, பயம் வேண்டாம் என்றார். முடிவு அக்காவுடையது, சட்டப்படி அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் படிவத்தை என் கையில் தந்தார்.

அக்கா வருடா வருடம் மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பவள். பன்றிக்கறி சமைத்த சட்டியைக்கூடத் தொடமாட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ, செத்துப்போவாளோ என்று பயந்தேன். நான் படித்தவள் என்ற திமிரும் இருந்தது. படிவம் முழுவதையும் தமிழில் சொன்னேன், பன்றி என்ற வரியைத் தவிர. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கைநாட்டு வைத்தாள்.

பிழைத்துவிட்டாள். அடுத்த திருவிழாவில் கரகத்தோடு லயத்து வீட்டு வரிசைப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினாள். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் கும்பிடாமல் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

சில வருடங்கள் கழித்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் பன்றி வளர்த்தால் நோய் வரும், பட்டியை அகற்றுங்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பட்டிக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களில் அக்காவின் குரல்தான் பெரிது. பன்றியைத் தொட்ட கையோடு பீலிப் பக்கமே வரக்கூடாது என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயந்தரம் அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அக்கா நெஞ்சுத் தழும்பில் கையை வைத்தாள். பிறகு சொன்னாள்:

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் உசுரு வேணும்தானே. மாரியாத்தாகிட்ட நானே சொல்லி உத்தரவு கேட்டிருப்பேன். இத்தன வருசமா ஆத்தா முன்னுக்கு என்னயப் பொய்க்காரியா நிக்க வச்சிட்டியே."

அந்த வருடத் திருவிழாவுக்குக் கரகம் எடுக்க அவள் பெயர் கொடுக்கவில்லை.