தங்கையும் கடைசி வரிசைப் பிள்ளையும்

ஐந்து வயது நிறைந்த எந்தப் பிள்ளையையும், பிறப்புச் சான்றைக் காட்டினால், முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. பேச வேண்டும் என்று அதில் இல்லை. தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட வேண்டும் என்றும் இல்லை. மறைந்த என் தங்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது. அரசு அலுவலகத்திலேயே காலம் கழித்தவன் வேறெப்படித் தொடங்குவான்? உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பருத்திப்பட்டில் பிறந்தவள், மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டியவருக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு கர்ப்பம் கலைந்தபின், 1984இல் மகன் குறைமாதத்தில் பிறந்தான். ஏழில் பிறந்தது தேறும், எட்டில் பிறந்தது தேறாது என்பார்களே. பார்க்க வந்தவர்கள் இது ஏழா எட்டா என்று அவள் எதிரிலேயே விரல்விட்டு எண்ணினார்கள். பிள்ளைக்கு மார்பில் சப்பத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சியெடுத்துப் பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பாதியில் தூங்கிவிடுவான்; உள்ளங்காலைச் சுண்டி எழுப்புவாள். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். மூன்று வயதிலும் சோறு கொஞ்சம் கட்டியாக இருந்தால் குமட்டினான். பேச்சும் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பேச நாள் பிடிக்கும் என்றார் மருத்துவர்.

ஐந்து முடிந்ததும் பள்ளிக்கு அழைத்துப் போனாள். அவன் கை காதை எட்டவில்லை. பேரைக் கேட்டதற்கும் பதிலில்லை. காது கேளாதோர் பள்ளிக்குப் போகச் சொன்னார் தலைமையாசிரியர். அங்கே, காது கேட்கிற பிள்ளைக்கு இடமில்லை என்றார்கள். நான் விதியைக் காட்டிக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினேன், நினைவூட்டுகளும் அனுப்பினேன்.

“உன் ரூல்ஸெல்லாம் கரீட்டுதாண்ணே. புள்ள எப்ப உள்ள குந்துவான், அத்த சொல்லு” என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல், முதல் வகுப்பு ஆசிரியையிடம் கெஞ்சி, பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் கிடையாது. குழைத்த சோற்றோடு இவள் பள்ளி வாசலிலேயே கிடப்பாள். மாதங்கள் போயின. ஒரு காலை, எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்து ஆசிரியை பதிவேட்டை மூடியபோது, கடைசி வரிசையிலிருந்து “நானு?” என்று ஒரு குரல் வந்ததாம். ஆசிரியை அவனைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியரிடம் போனார். அன்றே பெயர் ஏறியது.

மாலையில் என் வீட்டுக்கு வந்தாள். “உன் மனுவுக்கு இனிமே வேலையில்லண்ணே. அவனே கேட்டுக்கினான்” என்றாள். காப்பி கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டுப் படுத்தாள். மருத்துவர்களிடம் அவளுக்காகப் பேசியதெல்லாம் அந்த மகன்தான். இன்றும் குறைவாகத்தான் பேசுகிறான். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறான்.

பாலாடை பிடிக்கக் கற்றுத்தந்த செவிலியருக்கும், அந்த ஆசிரியைக்கும், கடைசி நாள்களில் முறைவைத்துத் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கல்வி அலுவலகத்தை விட்டுவிடுவதும் முறையல்ல. பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கத் தடையேதும் இல்லை என்ற அவர்களுடைய பதில், அவன் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, 1993 பிப்ரவரி 9ஆம் தேதி வந்து சேர்ந்தது.