மைக்செட்காரர் வீட்டுச் சாவு

எங்கள் தெருவில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘எக்கோ’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். எந்தக் கூட்டமானாலும் எதிரொலியைக் கூட்டி வைத்துவிடுவார். சும்மா ‘வணக்கம்’ என்றாலே மலையுச்சியில் நின்று சொன்ன மாதிரி கேட்கும். பேச வருகிறவர்களுக்கு அது பிடிக்கும். எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் எனக்குத்தான் தலைவலி.

அவருக்கு ஒரே மகன். பட்டாளத்தில் லாரி ஓட்டினான்.

போன வருஷம் எல்லையில் சண்டை மூண்டது. பின்தெரு டீச்சரின் மகன் அதில் குண்டடிபட்டுச் செத்தான். ஊரே கடையடைத்தது. அவனைப் பார்த்தே இராதவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பொய் சொல்வானேன், நானும் அழுதேன். டீச்சரைக் கைத்தாங்கலாக மேடையேற்றி, வீரத்தாய் என்று போட்டோ எடுத்தார்கள். தெருவுக்குத் தெரு ஹாரன் ஸ்பீக்கர் கட்டியது எக்கோதான். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், நான் அக்கா என்று கூப்பிடும் தன் மனைவியிடம், “செத்தா இப்படிச் சாகணும்” என்றாராம். பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுப் பேசுகிற பேச்சா அது? அக்கா பல நாள் அவரோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் விழுந்தது.

சண்டை ஓய்ந்தது. ஊருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. மழைக்காலத்தில் எக்கோவின் மகன் செத்த செய்தி வந்தது. முகாமுக்கு ரொட்டி ஏற்றிப் போன லாரி, பாதை சரிந்து கவிழ்ந்திருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, சண்டையிலா என்றுதான். வண்டி கவிழ்ந்து என்று சொன்னதும் முகத்தில் சுரத்துக் குறைந்துவிடும். பாவம் என்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். சாவிலும் ஒசத்தி மட்டம் பார்க்கிற ஜனங்களை என்ன சொல்லித் திட்டுவது?

எக்கோவால் அதைத் தாங்க முடியவில்லை. உடல் வருகிற அன்று காலையிலிருந்தே கம்பம் கம்பமாக ஏறி ஹாரன் கட்டினார். டீச்சர் மகனுக்குக் கட்டியதைவிட அதிகம். வேண்டாமே என்றேன், காதில் வாங்கவில்லை. பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்துத் திறந்தபோதும் அவர் தெருமுனையில் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தார். உடலோடு வந்த இரண்டு சிப்பாய்கள் சுவரோரம் நின்றார்கள். தெருக்காரர்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

அந்த நேரத்தில் ஊர் இளைஞர் மன்றச் செயலாளர் வந்தார். டீச்சர் மகனுக்காக மேடையில் தொண்டை கிழியப் பேசியவர். எக்கோவை வாசலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

“அண்ணே, சண்டையிலதான்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். ஊரே திரண்டு வரும்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

எக்கோ மைக்கைக் கையில் எடுத்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டுமே, யார் குடி முழுகிவிடும் என்றும் நினைத்தேன். அதற்குள் அக்கா கூடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

“பொய்ய நம்பி வர்றவங்க அந்தப் பொய்க்குத்தான் அழுவாங்க. எம்புள்ளைக்கு யாரு அழுவா?”

எக்கோ தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொன்னார்: “எம்மகன் லாரி ஓட்டினான். ரொட்டி கொண்டுபோகும்போது வண்டி கவிழ்ந்து செத்துட்டான். வர்றவங்க வாங்க.”

செயலாளர் செருப்பைத் தேடினார். ஊர் வரவில்லை. டீச்சர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு என்னை மேடையில உக்கார வெச்சுட்டாங்கம்மா. ஆளாளுக்கு மாலை போட்டு எம்புள்ள முகமே தெரியல. நான் சரியாப் பாக்கவே இல்ல. நீயாவது நல்லாப் பாத்துக்கோ.”

அக்கா பார்த்தார். நெற்றியில் தையல் போட்டிருந்த இடத்தை விரலால் தடவினார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பினார். எக்கோ மறுபடியும் ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு ஹாரன் கரகரக்கிறதாம்.

“நீங்க இன்னும் அவன் முகத்தப் பாக்கல” என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. விடிந்ததிலிருந்து மனிதர் கம்பத்திலேயே இருந்திருக்கிறார். ஏணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். தயங்கித் தயங்கித்தான் பார்த்தார்.

“எப்ப மீசை வெச்சான்?” என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்கும் தெரியவில்லை.

சுவரோரம் நின்ற சிப்பாய்களில் இளையவன் தொண்டையைச் செருமினான். “இப்பதாம்ப்பா வெச்சான். யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னுட்டான். லீவுல வந்து உங்களுக்கு நேர்ல காட்டணுமாம்.”

எக்கோ மகனின் மீசைமேல் கையை வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.