செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்

அவருடைய சொந்தப் பெயர் ஆபீசில் பலருக்குத் தெரியாது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறவர் என்பதால் ‘செவ்வாய்’ ஆகிவிட்டார். கம்பெனியின் எந்தக் கிடங்கில் எத்தனை அட்டைப்பெட்டி கிழிந்து வீணாயிற்று என்பதுதான் ரிப்போர்ட். கண்ணும் கருத்துமாகச் செய்வார்.

முன்பு வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் முதலாளி தோளில் கைபோட்டுப் பேசுவார். செவ்வாயின் மகளுக்கு ரத்தத்தில் பிறவிக் கோளாறு என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்து கூட அழுதார். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். பாவம், முதலாளியால் அழத்தான் முடிந்தது. இந்தப் பெரிய கம்பெனியில் அழ ஆளில்லை. லிஃப்டில் தினமும் கூட வருகிறவன்கூட முகம் பார்ப்பதில்லை. ஆனால் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை நீட்டினால் ஆஸ்பத்திரியில் மறுபேச்சுக் கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தம்பியோடு மல்லுக்கு நிற்கிறாள். அதற்காக அவர் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைக் கையெடுத்துக் கும்பிடவும் தயார்.

இப்படியிருக்க, ஆட்குறைப்பு என்று பேச்சுக் கிளம்பியது. புதிதாக வந்த பெண் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் வேலையால் யாருக்குப் பயன் என்று கேட்கிறாராம். தன் ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள் என்று செவ்வாய் அதுவரை யோசித்ததே இல்லை.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று போன வார ரிப்போர்ட்டையே தேதி மாற்றி அனுப்பினார். யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வெறும் கட்டங்களை மட்டும் அனுப்பினார். நன்றி என்று ஒரு பதில் வந்தது. அதுவும் இயந்திரம் தானாகப் போட்டது. அதற்கடுத்த வாரம் அனுப்பவே இல்லை. ஒரு ஈ காக்கைகூட ஏன் என்று கேட்கவில்லை. செவ்வாய் வெறுவாய் என்று சொல்வார்கள், அது அவர் தலையிலேயே விடிந்தது.

“தெரியாம இருந்திருந்தா தைரியமா பேசியிருப்பேன். இப்ப தெரிஞ்சு தொலைச்சிடுச்சே,” என்றார் மனைவியிடம்.

“உங்களுக்குத்தானே தெரியும்? அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? அத்தனை கிடங்கும் இத நம்பித்தான் ஓடுதுன்னு அடிச்சுச் சொல்லுங்க,” என்றாள் அவள். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, அவரைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தாள். நாலாவது தடவை ஓரளவு உண்மை மாதிரியே இருந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் முறை வந்தது. அதிகாரி உட்காரச் சொன்னார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. மடியில் கணினி, அதில் நிரப்ப வேண்டிய கட்டங்கள். செவ்வாய்க்கு முன்னால் வந்தவர்களுக்கும் அதே கட்டங்கள்தான்.

“இந்த ரிப்போர்ட் நின்னுபோச்சுன்னா யாருக்கு நஷ்டம் சார்?”

ஒப்பித்ததெல்லாம் எங்கோ போயிற்று. அவருக்குத் தெரிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான்.

“என் பொண்ணுக்கு, மேடம்.”

அதிகாரி அதைத் தட்டினார். விரல்கள் அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றன. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“சரி, அவங்க எந்த டிபார்ட்மென்ட்?”