நிழலில் கிடந்த வால்

"வால் இல்லாமல் பிளேனைக் குடுக்கேலாது, தங்கச்சி. ஏதாவது ஒண்டைக் கீறிவிடும்," என்றார் நேசன் அண்ணை. வெக்ஸ்போர்டில் இருந்த அவருடைய விமான மொடல் பட்டறையில் நான் ட்ராஃப்டிங், அதாவது வரைபடம் கீறும் வேலை, செய்துகொண்டிருந்தேன்.

அந்த மொடலுக்கு ஓடர் தந்தவர் மிசிஸ் ஹயாஷி, தொண்ணூறை நெருங்கிய ஜப்பானியப் பெண்மணி. அவருடைய தகப்பன் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானியக் கடற்படையின் சோதனை விமானி. பரீட்சார்த்தமாகக் கட்டிய ஒரேயொரு மிதவை விமானம் வானில் சுழன்று கடலில் விழுந்தது. அவரும் அதோடு போனார். வரைபடங்கள் போரில் எரிந்துவிட்டன. மிஞ்சியது ஒரு புகைப்படம். கரையேற்றிய விமானத்துக்கு முன்னால் விமானி தனியே நிற்கிறார். வாலை வேலையாட்களின் கூட்டம் மறைத்துவிட்டது.

எஞ்சினின் அளவு தெரிந்ததால் உடலையும் இறக்கையையும் கணக்கிட முடிந்தது. வாலுக்குத்தான் வழியில்லை.

"அந்தக் காலத்து வேறொரு பிளேனின்ர வாலை எடுத்து ஒட்டும். ஆர் பாக்கப் போகினம்?"

"அவ பாப்பா, அண்ணை. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தாங்கோ."

படத்தை ஸ்கான் செய்து பெரிதாக்கினேன். கூட்டத்துக்குள் வாலைத் தேடுவதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். சீமெந்தில், ஆட்களின் நிழலைத் தாண்டி வாலின் நிழல் நீண்டு கிடந்தது. விமானியின் உயரத்தையும் நிழலையும் வைத்து வெயிலின் சாய்வை எடுத்தேன். கணினியில் அதே சாய்வில் வெளிச்சம் விட்டு, நிழல் பொருந்தும்வரை வாலை மாற்றி மாற்றிக் கீறினேன். பொருந்திய வால் மிகச் சிறியது. நம்பாமல் முதலிலிருந்து செய்தேன். அதே வால்தான் வந்தது.

மொடலைப் பார்க்க வந்த மிசிஸ் ஹயாஷி, "ஏன் வால் இவ்வளவு சின்னன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நிழலைக் காட்டி விளக்கினேன். "சுழலத் தொடங்கினால், இப்படியான வாலோடு மீட்கிறது கஷ்டம்," என்றேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "அப்பா பிழையாக ஓட்டினார் என்றுதான் அம்மாவுக்குச் சொன்னார்கள். அவ அதை நம்பியே செத்துப்போனா."

"அவரில் பிழை இல்லை என்று சொல்ல இந்த ஒரு படம் போதாது," என்றேன். "வால் சிறியது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்லுவேன்."

அவர் அந்த வாலை விரலால் தொட்டுப் பார்த்தார். "எனக்கு அது போதும்," என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாத இடத்தை அழகாக நிரப்பிவிடாதீர்கள். அந்த இடத்தைப் பார்க்கத்தான் ஒருவர் இத்தனை காலம் காத்திருந்திருப்பார்.