கொழுந்துப் பையில் ஒரு பிளாஸ்க்

சாப்பாட்டு பிளாஸ்க்கில் சூடு நிற்குமா என்று பார்க்க, கடையில் வைத்தே அதில் கொதிநீரை ஊற்றச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, இதற்குள் ஆறியிருக்கும் என்று நினைத்து ஒரே மடக்காகக் குடித்தவன் நான். ஒரு வாரம் எனக்கு எந்தச் சாப்பாட்டிலும் ருசி தெரியவில்லை. என் முட்டாள்தனங்களில் இது சின்னது. பெரியது, அதே பிளாஸ்க்கால் என் மனைவியை மலையில் எல்லோர் முன்னாலும் திருடியைப் போல நிற்க வைத்தது. சின்னதைப் பஜார் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பெரியதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் தலவாக்கலை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். புடவையை விரித்துக் காட்டுவதும், கூடவே நாலு பகிடி விட்டு வந்தவர்களைச் சிரிக்க வைப்பதும்தான் என் தொழில். மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். இருப்பது தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் அறைகளில் அவள் பெயரில் உள்ள ஒரு காம்பராவில். அதாவது, என் வீடே அவளுடைய உழைப்பில்தான் நிற்கிறது. இதையும் நான் பகிடியாகத்தான் சொல்வது வழக்கம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகையில் அவளுக்கு ஒரு இடம் இருந்தது. பையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை எண்ணைப் பார்த்து, பைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியை எழுதுவார். கழிப்பது சில நாளில் கொஞ்சம் தாராளமாகப் போய்விடும். தன் பையை நிறுத்து முடித்த பிறகும் இவள் அங்கேயே நிற்பாள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கும் வாய் திறக்கப் பயந்தவர்களுக்கும் இவள்தான் எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். “பதிமூனுங்க ஐயா. ரெண்டு கழிச்சாலும் பதினொன்னு. நீங்க பத்துன்னு எழுதுறீங்க.” கணக்கப்பிள்ளைக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் இவளுடைய பையில் ஒரு கல்லோ, ஒரு முற்றின இலையோ இருந்ததில்லை. அதனால் அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவார்.

போன வருடம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. காரச் சம்பலும் ஆறிப்போன ரொட்டியும் இனி ஆகாது, மத்தியானம் சூடாகச் சோறு சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது பறித்துக்கொண்டிருந்தது தூரத்து மலை. சாப்பிட லயத்துக்கு வந்து திரும்ப முடியாது.

“ஒரு பிளாஸ்க்கு வாங்கிட்டு வாங்க,” என்றாள். “சின்னதா, கனமில்லாம. கையில தூக்கிட்டு மல ஏறணும்.”

அவள் சொன்னது இவ்வளவுதான். இதில் தப்பாகப் புரிந்துகொள்ள எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். பாத்திரக் கடைக்காரர் முதலிலேயே ஒரு சின்னதை எடுத்து வைத்தார். எவர்சில்வர், அகல வாய், ஒரே கிண்ணம்.

“ஒரு ஆளுக்குன்னா இது போதும்ணே. கைய விட்டுக் கழுவலாம். மூடி நல்ல இறுக்கம். காலைல போட்டா மத்தியானம் சூடா இருக்கும்.”

“வேற காட்டுங்க,” என்றேன்.

காரணம் இருந்தது. புடவைக் கடையில் நான் முதலில் எடுத்து விரிப்பது எப்போதும் விலை போகாத புடவையைத்தான். நல்லதைக் கடைசியில்தான் காட்டுவேன். உலகத்தில் எல்லாக் கடைக்காரனும் என்னைப் போலத்தான் இருப்பான் என்று நினைத்தேன். அந்த மனுசன் உண்மையைச் சொன்னார். நான் அவரைப் பார்த்து, ஒரு தொழிற்காரன் இன்னொரு தொழிற்காரனைப் பார்க்கிற மாதிரி, கண்ணைச் சிமிட்டினேன்.

மேல் தட்டில் தூசி படிந்து ஒன்று நின்றது. மூன்று அடுக்கு, தோளில் மாட்ட வார், கேஸ் சிலிண்டருக்குத் தம்பி மாதிரி உருவம். “அத எடுங்க.”

“அது கல்யாண வீட்டுக்காரங்க கேப்பாங்கன்னு எடுத்ததுண்ணே. ஒரு ஆளு சோத்துக்கு அது ரொம்பப் பெருசு.”

மறைக்கப் பார்க்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அப்புறம்தான் கொதிநீர் பரீட்சை. எதிரே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, பிளாஸ்க் வாங்குவது எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்கு ஒரு பாடமே எடுத்தேன். திரும்பி வந்து குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

“என்னண்ணே?”

“நல்ல தாமான்,” என்றேன். நாக்கு அவ்வளவுதான் புரண்டது.

வீட்டில் மனைவி அதை ஒரு கையால் தூக்கப் பார்த்து, பிறகு இரண்டு கையாலும் தூக்கினாள்.

“இது யாருக்கு? தொரைக்கா?”

“உனக்குத்தான்.”

“நான் கொழுந்து பறிக்கப் போறேங்க. கதிர்காமத்துக்கு நடக்கப் போகல.”

ஆனால் கொண்டுபோனாள். நான் நாக்கைச் சுட்டுக்கொண்டு வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். நிரையின் தலைப்பில் ஒரு தேயிலைத் தூருக்கு அடியில் வைத்துவிட்டுப் பறிப்பாள். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, “ஆவி வந்துச்சா?”

“வெதுவெதுன்னு இருந்துச்சு.”

வெதுவெதுப்பு. எனக்கு அது பெரிய அவமானம். பெரிய பிளாஸ்க்கில் ஒரு ஆள் சோற்றைப் போட்டால் மீதி இடமெல்லாம் வெறும் காற்று, சோறு சீக்கிரம் ஆறிவிடும் என்று பின்னால் அதே கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் குற்றத்தை மலைக்காற்றின் மேல் போட்டேன். அதற்கு வைத்தியமும் கண்டுபிடித்தேன். பறித்த கொழுந்தைப் பையில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிவிடும்; சூடேறினால் கொழுந்து கெட்டுவிடும் என்று மலையில் ஏசுவார்கள். அந்தச் சூட்டைச் சும்மா விடுவானேன்?

“பிளாஸ்க்கக் கொழுந்துக்குள்ள பொதச்சு வையி. கம்பளி போத்துன மாதிரி இருக்கும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கொழுந்துப் பையில கொழுந்தத் தவிர ஒன்னும் இருக்கக் கூடாது.”

“நிறுக்க முன்னாடி எடுத்துரு. என்னமோ பெரிய சட்டம் மாதிரி பேசுற.”

“சட்டந்தான்,” என்றாள்.

நான் விடவில்லை. நாலைந்து நாள், சாப்பிடும்போது, படுக்கும்போது, பல் விளக்கும்போது, கொழுந்தின் சூட்டைப் பற்றியே பேசினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல், மழை நாளில் மட்டும் வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள். வைத்தாள். மடுவத்துக்கு இறங்குகிற பாதையில் மறக்காமல் எடுத்துவிடுவாள். அந்த நாட்களில் சோறு கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்ததா என்று கேட்டால், “இருந்துச்சு” என்பாள். உண்மையா, என் வாயை மூடச் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது.

ஒருநாள் காலையிலிருந்தே அடைமழை. கொழுந்து ஏற்றுகிற லொறி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. டிரைவர் ஹார்னை அடித்து, “இக்மனட்ட, இக்மனட்ட” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினாராம். எல்லோரும் ஓடினார்கள். இவளும் ஓடினாள். பையைக் கொக்கியில் மாட்டி, எண் பார்த்து, எழுதி, கொட்டினார்கள். கொழுந்துக் குவியலில் பிளாஸ்க் உருண்டு வந்து நின்றது.

நான் அங்கே இல்லை. பக்கத்துக் காம்பராத் தங்கச்சி, என் மனைவியோடு ஒரே நிரையில் பறிக்கிறவள், அன்று சாயங்காலம் வாசலில் நின்று எனக்குச் சொன்னாள்.

கணக்கப்பிள்ளை சத்தம் போடவில்லையாம். பிளாஸ்க்கைத் தூக்கி, தனியாகக் கொக்கியில் மாட்டினாராம். சோற்றோடு இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியிருக்கிறது.

“எத்தன நாளா நடக்குது?”

“மழ நாள்ல மட்டுந்தாங்க ஐயா வப்பேன். நிறுக்க முன்னாடி எடுத்துருவேன். இன்னைக்கு மறந்துட்டேன்.”

“மழ நாள்லயா? மழ நாள்லதானே ஈரத்துக்குக் கூடக் கழிக்கிறேன்னு எங்கிட்டச் சண்டைக்கு நிப்ப?”

தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் சொல்லவில்லை என்று பெரிய மனது பண்ணினார் கணக்கப்பிள்ளை. ஆனால் இனிமேல் இவளுடைய பையைக் கொட்டிப் பார்த்து, திரும்ப அள்ளிப் போட்டுத்தான் நிறுப்பது என்று ஆகிவிட்டது. அவள் குனிந்து அள்ளி முடிக்கிறவரை பின்னால் வரிசை நிற்கும்.

உள்ளே மனைவி பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். “ஆவி வந்துச்சா” என்ற கேள்வி பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது. அன்றைக்கு அதை விழுங்கியது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம்.

“நான் வந்து ஐயாகிட்டச் சொல்றேன். தப்பு என்னோடதுதானே,” என்றேன்.

“என்னத்தச் சொல்லுவீங்க?”

“நடந்ததச் சொல்றேன். நீ அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்றேன்.”

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது, “பன்னெண்டு மணிக்குத்தான் நிறுப்பாங்க,” என்று மட்டும் சொன்னாள். அவள் என்னிடம் எதையாவது கேட்பது அபூர்வம். பிளாஸ்க்குக்குப் பிறகு இது இரண்டாவது.

கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மலை ஏறினேன். மடுவத்தில் முப்பது பேர் போல நின்றார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி வரிசையின் நடுவில் இருந்தாள். எப்போதும் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவள் அங்கே இல்லை. நான் கணக்கப்பிள்ளைக்குக் கும்பிடு போட்டு ஆரம்பித்தேன்.

“ஐயா, குத்தவாளி நாந்தாங்க. அந்தப் பிளாஸ்க்க வாங்குனதே நாந்தான்.”

யாரோ ஒரு பெண் பின்னால் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை என்ன செய்ததோ. கடையில் ஒருத்தர் சிரித்தால் அடுத்த புடவையை விரிப்பேன், அதே பழக்கம். ஹட்டன் கடையைச் சொன்னேன். கேஸ் சிலிண்டரின் தம்பியைச் சொன்னேன். கொதிநீர் குடித்ததை நடித்தே காட்டினேன். “நல்ல தாமான்” என்று சொன்னபோது வரிசையே ஆடியது. கொழுந்துக் கம்பளி விஞ்ஞானத்தைச் சொன்னபோது கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போதும் போங்க, சாமி. நீங்க புடவ விக்கிற ஆளா, கூத்தாடுற ஆளா?”

“ரெண்டும் ஒன்னுதாங்க ஐயா,” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு நிறுவை தொடர்ந்தது. நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். மனைவியின் முறை வந்தது. கணக்கப்பிள்ளை இன்னும் சிரித்த முகத்தோடுதான், தரையைக் கை காட்டினார். அவள் பையைக் கொட்டினாள். அவர் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவள் குனிந்து அள்ளினாள். அடுத்து ஒரு வயதான அம்மாவின் பை. கணக்கப்பிள்ளை ஏதோ எண்ணை எழுதினார். அந்த அம்மா வழக்கம்போல என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் படங்கை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சாப்பாட்டு நேரம். பிளாஸ்க் வீட்டில் கிடந்தது. மனைவி பழையபடி ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் மேலே ஏறிப் போனாள். பக்கத்துக் காம்பராத் தங்கச்சி மட்டும் கையில் தண்ணீர்ப் போத்தலோடு என்னருகே நின்றாள்.

“எப்புடி?” என்றேன். “ஐயாவே கண்ணத் தொடச்சாரு, பாத்தியா?”

அவள் போத்தலை மூடினாள்.

“எல்லாத்தையும் சொன்னீங்கண்ணே. அக்கா திருடலன்னு மட்டும் சொல்லல.”